குபெர்நெட்டிஸ் பதிப்பு மாறினாலும் உங்கள் மென்பொருள் உடையாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

கண்டெய்னர்களில் ஓடும் மென்பொருளைப் பல கணினிகளில் (அந்தக் கூட்டம்தான் கிளஸ்டர்) நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ், வருடத்துக்கு மூன்று புதிய பதிப்புகளை வெளியிடுகிறது. முன்பு நான்கு வந்துகொண்டிருந்தது, 2021-இல் 1.22 வந்தபோது அதை மூன்றாகக் குறைத்தார்கள். ஆதரவு எப்போதும் கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 12 மாதம் முழு ஆதரவு, அதன்பின் 2 மாதம் பராமரிப்பு மட்டும், அவ்வளவுதான். அதாவது இன்று நன்றாக ஓடும் ஒரு ஹெல்ம் சார்ட்டை (குபெர்நெட்டிஸில் நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்பை) யாரும் தொடாமல் விட்டுவிட்டால், ஒரு வருடம் கழிந்த கொஞ்ச நாளில், அதைச் சோதித்துப் பார்த்த பதிப்பு எதுவுமே ஆதரவில் இருக்காது.

கிளஸ்டரை எப்படி அப்கிரேடு செய்வது என்பது இங்கே பேச்சு இல்லை. அந்தக் கிளஸ்டருக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்காக, அதாவது சார்ட், ஆபரேட்டர், கண்ட்ரோலர் (இவை இரண்டும் கிளஸ்டரைக் கவனித்து வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும் நிரல்கள்), சிஐ (தானியங்கிச் சோதனை) ஸ்கிரிப்ட், வெறும் யாம்ல் அமைப்புக் கோப்புகள் என்று எதையாவது பராமரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பழைய ஏபிஐயை (மென்பொருள் குபெர்நெட்டிஸோடு பேசும் வடிவத்தை) எடுப்பதற்கு வெகு முன்பே அதற்கான மாற்று வந்துவிடும், இரண்டும் ஒன்றாக வேலை செய்யும் காலம் என்று ஒன்று கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும், மாற்றத்தை அந்தக் காலத்திலேயே செய்து முடித்துவிட வேண்டும். அப்கிரேடு நாளன்று மென்பொருளையும் மாற்றுவது, கிளஸ்டரையும் மாற்றுவது என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால், ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்றே தெரியாது.

உதாரணம் பாருங்கள். வெளியிலிருந்து வரும் இணையக் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இன்கிரஸின் வி1 வடிவம் 1.19-இல் வந்தது, பழைய வி1பீட்டா1 (இன்னும் நிலைபெறாத வடிவம்) போனது 1.22-இல். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான்ஜாப்பின் வி1 வந்தது 1.21-இல், பீட்டா போனது 1.25-இல். தானாக அளவை மாற்றும் எச்பிஏவின் வி2 வந்தது 1.23-இல், வி2பீட்டா2 போனது 1.26-இல். சொந்தமாகப் புதிய பொருள் வகைகளைச் சேர்க்க உதவும் சிஆர்டியின் வி1 1.16-இலேயே வந்துவிட்டது, பீட்டா போக 1.22 வரை ஆனது. எல்லாவற்றிலும் குறைந்தது மூன்று பதிப்பு இடைவெளி இருக்கிறது. அவகாசம் தாராளமாகவே தருகிறார்கள், அதைப் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

படி 1: எந்தப் பதிப்புகளைத் தாங்குகிறீர்கள் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் மற்ற எதையும் செய்ய முடியாது. உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் மென்பொருள் என்றால் விஷயம் எளிது: உங்களிடம் உள்ள கிளஸ்டர்களில் மிகப் பழையது ஒரு எல்லை, அடுத்து போகப்போகிற பதிப்பு இன்னொரு எல்லை.

வெளியாட்கள் நிறுவிக்கொள்ளும் மென்பொருள் என்றால் கொஞ்சம் சிக்கல். மூலத் திட்டம் மூன்று பதிப்புகளோடு நின்றுவிடும், ஆனால் கிளவுட் நிறுவனங்கள் நிற்பதில்லை. அமேசானின் ஈகேஎஸ் வழக்கமான 14 மாதத்துக்கு மேல் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னும் 12 மாதம் ஆதரவு தருகிறது. கூகுளின் ஜிகேஇயில் நீட்டிப்புச் சேனல் 24 மாதம் வரை போகிறது. ஆக உங்கள் பயனர்களில் ஒரு பகுதியினர், மூலத் திட்டம் கைவிட்ட பதிப்பில்தான் எப்போதும் இருப்பார்கள். அவர்களையும் தாங்கப் போகிறீர்களா இல்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எதை முடிவு செய்தாலும் சரி, வெளிப்படையாக எழுதிவிடுங்கள். "சமீபத்திய பதிப்புகளில் வேலை செய்யும்" என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயன் இல்லை.

இன்னொன்று, "கிளஸ்டர் பதிப்பு" என்று ஒற்றை எண்ணைச் சொல்கிறோமே, அது முழு உண்மை இல்லை. கோரிக்கைகளை வாங்கும் ஏபிஐ சர்வரைவிட, நோட்டில் (கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியிலும்) ஓடும் கியூப்லெட் என்ற நிரல் மூன்று மைனர் பதிப்பு வரை பழையதாக இருக்கலாம் (முன்பு இரண்டுதான், 1.28 வந்தபோது மூன்றாக்கினார்கள்). கிளஸ்டரின் மற்ற மையப் பகுதிகளான கண்ட்ரோலர் மேனேஜரும் ஷெட்யூலரும் ஒரு பதிப்பு பின்தங்கலாம். கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல் ஒரு பதிப்பு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். ஆகவே ஏபிஐ சர்வர் 1.31 என்று பதில் சொன்னாலும் உங்கள் பாட் (சேர்ந்து ஓடும் கண்டெய்னர்கள்) போய் விழும் நோட் 1.28-இல் இருக்கலாம். முக்கியக் கண்டெய்னருக்குத் துணையாக ஓடும் சைட்கார் கண்டெய்னர் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இயல்பாகவே இயங்க ஆரம்பித்தது 1.29-இல்தான். அப்படியொரு கிளஸ்டரில் ஏபிஐ சர்வர் அந்த வரியைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் பழைய நோட்டில் பாட் நீங்கள் நினைத்தபடி ஓடாது. கியூப்லெட்டை நம்பியிருக்கும் எந்த வசதிக்கும் ஏபிஐ சர்வரின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

படி 2: எது எப்போது போகும் என்ற விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

விதி எளிமையானதுதான். ஆரம்ப நிலையில் உள்ள ஆல்ஃபா ஏபிஐ எந்தப் பதிப்பிலும் முன்னறிவிப்பே இல்லாமல் போகலாம். பீட்டா ஏபிஐ டெப்ரிகேட் ஆனது (இனி தவிர்க்க வேண்டியது) என்று அறிவித்த பிறகு 9 மாதம் அல்லது மூன்று பதிப்புகள், இதில் எது நீளமோ அதுவரை இருக்கும், பிறகு போய்விடும். வி1 போல ஸ்டேபிள் ஆனதை டெப்ரிகேட் என்று குறிக்கலாம், ஆனால் அதே மேஜர் பதிப்புக்குள் நீக்க மாட்டார்கள்.

கடைசியில் சொன்னதற்கு நல்ல உதாரணம், ஒரு சர்வீஸுக்குப் பின்னால் உள்ள பாட்களின் முகவரிப் பட்டியலான எண்ட்பாயிண்ட்ஸ். 1.33-இல் அதை டெப்ரிகேட் என்று அறிவித்தார்கள், இனி எண்ட்பாயிண்ட்ஸ்லைஸைப் பயன்படுத்தச் சொல்லி எச்சரிக்கையும் வருகிறது. ஆனால் அது வி1 என்பதால் நாளைக்கே காணாமல் போகாது. இப்படிப்பட்ட எச்சரிக்கைக்கு அவசரப்பட வேண்டாம். பீட்டா பற்றி எச்சரிக்கை வந்தால் மட்டும் உடனே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

1.24-இலிருந்து இன்னொரு நல்ல மாற்றம் செய்தார்கள்: புதிதாக வரும் பீட்டா ஏபிஐகள் இயல்பாக இயங்காது, கிளஸ்டரை நடத்துகிறவரே கேட்டு இயக்க வேண்டும். இது நமக்கும் ஒரு செய்தி. புதிய பீட்டா ஏபிஐயை நம்பி மென்பொருள் எழுதினால், பெரும்பாலான பயனர்களின் கிளஸ்டரில் அது இருக்கவே இருக்காது.

படி 3: உண்மையில் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

எல்லோரும் முதலில் செய்வது, கியூப்சிடிஎல்லின் கெட் கட்டளையைப் போட்டு, வரும் யாம்ல்லின் முதல் வரியில் என்ன பதிப்பு இருக்கிறது என்று பார்ப்பது. அதைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஒரே பொருளை ஏபிஐ சர்வர் தனக்குத் தெரிந்த எந்தப் பதிப்பின் வடிவிலும் தரும், நீங்கள் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் தனக்குப் பிடித்த பதிப்பில் தரும். நீங்கள் பழைய பீட்டாவில் அனுப்பியிருந்தாலும் திரும்பி வருவது வி1 ஆக இருக்கும், "எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வீர்கள். கிளஸ்டரில் ஏற்கெனவே இருக்கும் பொருள் இங்கே பிரச்சினையே இல்லை, பழைய ஏபிஐ போன பிறகும் அது புதிய ஏபிஐ வழியாகக் கிடைக்கும். பழைய வடிவில் எழுதி அனுப்புகிறவர் யார், பழைய முகவரியில் போய்க் கேட்கிறவர் யார் என்பதைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது.

முதலில் ரெப்போவில் உள்ள கோப்புகள். புளூட்டோ என்ற கருவி கோப்புகளையும் ஹெல்ம் ரிலீஸ்களையும் அலசி, எது டெப்ரிகேட் ஆனது, எந்தப் பதிப்பில் போகிறது என்று சொல்லும். கியூப்-நோ-டிரபிள் என்ற இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரைப் பார்த்துச் சொல்லும். ஹெல்ம் சார்ட்டை அப்படியே அலசாமல் டெம்ப்ளேட் கட்டளையால் விரித்த பிறகு அலசுங்கள், அதுவும் நீங்கள் தாங்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக. இல்லாவிட்டால் நிபந்தனைக்குள் ஒளிந்திருக்கும் பகுதிகள் கண்ணில் படாது.

அடுத்து ஏபிஐ சர்வரையே கேளுங்கள். 1.19-இலிருந்து, டெப்ரிகேட் ஆன ஏபிஐயை யாராவது கேட்டால் அதற்கென்று ஒரு மெட்ரிக் உயரும். எந்தக் குழு, எந்தப் பதிப்பு, எந்த ரிலீஸில் நீக்கப்படும் என்பதெல்லாம் அதன் லேபிள்களில் இருக்கும். மெட்ரிக்குகளைச் சேகரிக்கும் புரோமீத்தியஸ் வைத்திருந்தால் இதற்கு ஒரு அலர்ட் போட்டு வைப்பது ஐந்து நிமிட வேலை. அந்த மெட்ரிக் யார் கேட்டது என்று மட்டும் சொல்லாது. அதற்கு, வரும் கோரிக்கைகளைப் பதிந்து வைக்கும் ஆடிட் லாக் வேண்டும். டெப்ரிகேட் ஆன கோரிக்கைகளுக்கு அதில் தனிக் குறிப்பு விழும், பக்கத்திலேயே யூசர் ஏஜெண்டும் சர்வீஸ் அக்கவுண்டும் இருக்கும். எல்லோரும் மறந்துபோன ஒரு பழைய கிரான்ஜாப், யாரோ போட்டு வைத்த டாஷ்போர்டு, பேக்கப் கருவி போன்றவை இங்கேதான் மாட்டும்.

கடைசியாக எச்சரிக்கைகள். அதே 1.19-இலிருந்து டெப்ரிகேட் ஆன ஏபிஐயைத் தொட்டால் ஏபிஐ சர்வர் பதிலோடு சேர்த்து எச்சரிக்கையும் அனுப்புகிறது, கியூப்சிடிஎல் அதைத் திரையில் காட்டும். மனிதர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள் என்பதால் சிஐயில் கவனிக்க வையுங்கள். கியூப்சிடிஎல்லில் எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. சர்வர் பக்க டிரை-ரன்னோடு (எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது) அதைச் சேர்த்து ஓடவிட்டால், புதிதாக ஒருவர் பழைய ஏபிஐயில் கோப்பு எழுதிச் சேர்க்கும்போதே புல் ரிக்வெஸ்ட் சிவப்பாகும்.

படி 4: மாற்றுங்கள், ஆனால் முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள்

பதிப்பு எழுதிய வரியில் பீட்டாவை அழித்துவிட்டு வி1 என்று போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சிலவற்றுக்கு அது உண்மைதான், கிரான்ஜாப்பில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மற்றவற்றில் புலங்களும் மாறுகின்றன. அதைவிட ஆபத்து, எதுவும் எழுதாமல் விட்ட இடத்தில் இயல்பாக வரும் மதிப்பு மாறுவது. புலம் மாறினால் பிழை வரும், பார்த்துச் சரிசெய்துவிடலாம். இயல்பு மதிப்பு மாறினால் பிழையே வராது, நடத்தைதான் மாறும்.

இன்கிரஸ் முதல் வகை. சர்வீஸின் பெயரும் போர்ட்டும் தனித்தனிப் புலங்களாக இருந்தவை வி1-இல் சர்வீஸ் என்ற ஒரு கட்டுக்குள் போய்விட்டன, போர்ட்டை எண்ணா பெயரா என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு பாதைக்கும் பாதை வகை கட்டாயம். தவறாக எழுதினால் ஏபிஐ சர்வர் திருப்பி அனுப்பிவிடும், நல்லது.

கோரிக்கையை ஏற்கும் முன் சரிபார்க்கும் அட்மிஷன் வெப்ஹூக் இரண்டாம் வகை. பீட்டாவில் தோல்விக் கொள்கையை எழுதாமல் விட்டால், வெப்ஹூக் பதில் சொல்லாதபோது கோரிக்கை அப்படியே கடந்துபோய்விடும். வி1-இல் அதே எழுதாமை, கோரிக்கையை நிராகரிக்கச் சொல்வதாக மாறிவிட்டது. காத்திருக்கும் நேரமும் 30 நொடியிலிருந்து 10 நொடியாகிவிட்டது. இதைக் கவனிக்காமல் வரியை மட்டும் மாற்றினால் ஒருநாள் உங்கள் வெப்ஹூக் பாட் கீழே விழும்போது, அது கண்காணிக்கும் வகைப் பொருள் எதையும் யாராலும் உருவாக்க முடியாது. பாட்களையே கண்காணிக்கும் வெப்ஹூக் என்றால், தன்னைத் தானே மீண்டும் எழுப்பிக்கொள்ளவும் அது தடையாக நிற்கும். தோல்விக் கொள்கையையும் நேரத்தையும் எப்போதும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள், எந்தப் பதிப்பாக இருந்தாலும்.

பராமரிப்பின்போது ஒரே நேரத்தில் எத்தனை பாட்களை நிறுத்தலாம் என்று வரம்பிடும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் இன்னும் நுட்பமானது. செலக்டரை (எந்தப் பாட்களுக்கு என்று சொல்லும் புலத்தை) காலியாக விட்டால் பழைய பீட்டாவில் எந்தப் பாட்டும் சேராது, வி1-இல் அந்த நேம்ஸ்பேஸில் உள்ள எல்லாப் பாட்களும் சேர்ந்துவிடும்! பயனற்றதாக யாரோ விட்டுவைத்த ஒரு கோப்பு, பதிப்பு வரி மாறியதும் நோட்டைக் காலி செய்யவிடாமல் தடுத்து நிற்கும்.

டிப்ளாய்மெண்ட் 1.16-இலேயே முடிந்துபோன கதை என்றாலும் அங்கேயும் இதேதான் நடந்தது: செலக்டர் கட்டாயமானது, பிறகு மாற்ற முடியாததும் ஆனது, ரோலிங் அப்டேட்டின் அளவு ஒன்று என்பதிலிருந்து 25 சதவீதமானது.

ஏபிஐ குழு மாறும் இடங்களில் ஆர்பிஏசி (யாருக்கு என்ன அனுமதி என்ற) விதிகளையும் பாருங்கள். அனுமதி கொடுப்பது குழுவின் பெயரில்தான், பதிப்பின் பெயரில் இல்லை. ஒரே குழுவுக்குள் பீட்டாவிலிருந்து வி1-க்குப் போனால் அனுமதியைத் தொட வேண்டாம். ஆனால் எண்ட்பாயிண்ட்ஸிலிருந்து எண்ட்பாயிண்ட்ஸ்லைஸுக்குப் போகும்போது குழுவே வேறு, புதிய அனுமதி சேர்க்காவிட்டால் கண்ட்ரோலர் அனுமதி மறுப்புப் பிழையைத்தான் பார்க்கும். இரண்டு அனுமதியையும் ஒரு ரிலீஸ் முழுக்கச் சேர்த்து வைத்திருந்து, அப்புறம் பழையதை எடுங்கள்.

படி 5: ஹெல்மின் தனிச் சிக்கல்கள்

ஒரே சார்ட் பல பதிப்புகளைத் தாங்க வேண்டும் என்றால், டெம்ப்ளேட்டுக்குள் கிளஸ்டரின் பதிப்பு எண்ணை ஒப்பிடாமல், குறிப்பிட்ட ஏபிஐ இருக்கிறதா என்று கேளுங்கள். ஹெல்ம் தரும் கேப்பபிலிட்டிஸ் பொருளில் அதற்கான வசதி இருக்கிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெம்ப்ளேட் கட்டளை கிளஸ்டரோடு பேசுவதில்லை, அந்த ஹெல்ம் எந்தக் குபெர்நெட்டிஸ் பதிப்புக்காகக் கட்டப்பட்டதோ அதையே கிளஸ்டராக நினைத்துக்கொள்ளும். ரெப்போவிலிருந்து கிளஸ்டரில் நிறுவும் ஆர்கோ சிடி போன்ற கருவிகளும் டெம்ப்ளேட் வழியாகவே விரிக்கின்றன என்பதால், பதிப்பையும் ஏபிஐ பட்டியலையும் வெளியிலிருந்து கொடுத்து விரித்துப் பாருங்கள்.

சார்ட் கோப்பில் குபெர்நெட்டிஸ் பதிப்பு வரம்பு எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் "1.25.0 அல்லது அதற்கு மேல்" என்று வெறுமனே எழுதினால் சில கிளவுட் கிளஸ்டர்களில் மறுக்கப்படலாம். அங்கே பதிப்பு எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு நிறுவனத்தின் ஒட்டு இருக்கும், பதிப்பு எண்களுக்கான செம்வர் விதிப்படி அது முன்வெளியீடு என்று கணக்காகிவிடும். எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடும் பூஜ்யமும் சேர்த்து, அதாவது "1.25.0-0" என்று எழுதினால் தீர்ந்தது.

பெரிய சிக்கல் வேறு. ஹெல்ம் கடைசியாக நிறுவியதை அப்படியே கிளஸ்டரில் ஒரு சீக்ரெட்டில் (ரகசியத் தரவு வைக்கும் பொருளில்) சேமித்து வைக்கிறது. அடுத்த அப்கிரேடின்போது பழையதையும் புதியதையும் ஒப்பிட அதை வாசிக்கும். அந்தச் சேமிப்பில் நீக்கப்பட்ட ஏபிஐ இருந்தால், புதிய சார்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் அப்கிரேடு நின்றுவிடும். அந்த வகையே இல்லை என்று பிழை வரும். சார்ட்டைத்தான் சரிசெய்துவிட்டோமே, இன்னும் ஏன் பழைய பெயரைச் சொல்கிறது என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். கிளஸ்டரை அப்கிரேடு செய்வதற்கு முன்பே புதிய சார்ட்டை ஒருமுறை நிறுவிவிட்டால் இந்தச் சிக்கலே வராது, சேமிப்பும் புதிய வடிவுக்கு வந்துவிடும். தவறவிட்டவர்களுக்கு மேப்கியூப்ஏபிஐஸ் என்ற ஹெல்ம் செருகுநிரல் இருக்கிறது, அது சேமிப்பில் உள்ள பழைய பதிப்புகளைத் திருத்தித் தரும். வெளியாட்களுக்குச் சார்ட் கொடுக்கிறவர்கள் இந்த வரிசையை ரிலீஸ் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள்: முதலில் சார்ட், பிறகு கிளஸ்டர்.

படி 6: நிரலுக்குள் இருக்கும் கிளையண்ட் (ஏபிஐ சர்வரோடு பேசும் நூலகம்)

கோ மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் கிளையண்ட்-கோ 0.31 என்பது குபெர்நெட்டிஸ் 1.31-க்கு இணை. பைதான் கிளையண்டில் 31 என்ற எண்ணே அதைக் குறிக்கும். எண் பொருந்தாவிட்டால் ஓடாது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் பயன்படுத்தும் ஏபிஐ இரு பக்கமும் இருக்கும்வரை ஓடும். ஆனால் பழைய கிளையண்டில் சத்தமில்லாத ஆபத்து ஒன்று உண்டு. ஒரு பொருளைப் படித்து, ஒரு புலத்தை மாற்றி, முழுப் பொருளையும் அப்டேட் என்று திருப்பி அனுப்பினால், உங்கள் கிளையண்டுக்குத் தெரியாத புதிய புலங்கள் வழியிலேயே விழுந்துவிடும். பயனர் கவனமாக எழுதி வைத்த ஒரு புதிய அமைப்பை உங்கள் ஆபரேட்டர் ஒவ்வொரு சுற்றிலும் அழித்துக்கொண்டே இருக்கும். உங்களுக்குச் சொந்தமில்லாத பொருளைத் தொடும்போது அப்டேட் வேண்டாம். பேட்ச் அல்லது சர்வர்-சைட் அப்ளையைப் பயன்படுத்தி, உங்களுக்கு வேண்டிய புலங்களை மட்டும் அனுப்புங்கள்.

ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்க, நிரலுக்குள்ளும் பதிப்பு எண்ணை ஒப்பிடாதீர்கள். சில கிளவுட் கிளஸ்டர்களில் மைனர் எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறி வரும், எண்ணாக மாற்றப் போனாலே பிழை. டிஸ்கவரி ஏபிஐயைக் கேட்டால் இருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடும்.

உங்கள் சொந்த சிஆர்டி இருந்தால் நீங்களும் ஒரு ஏபிஐயை வெளியிடுகிறீர்கள் என்று பொருள். குபெர்நெட்டிஸிடம் நீங்கள் எதிர்பார்க்கும் அதே மரியாதையை உங்கள் பயனர்களுக்குக் கொடுங்கள். புதிய பதிப்பைச் சேருங்கள், வடிவம் மாறுகிறது என்றால் கன்வெர்ஷன் வெப்ஹூக் எழுதுங்கள், சேமிப்புப் பதிப்பை மாற்றுங்கள், பழைய பொருட்கள் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துத் திருப்பி எழுதுங்கள், ஸ்டேட்டஸில் உள்ள சேமித்த பதிப்புகள் பட்டியலிலிருந்து பழையதை எடுங்கள், அதற்கும் பிறகுதான் பழைய பதிப்பை சிஆர்டியிலிருந்து நீக்குங்கள். அந்தப் பட்டியலில் பழையது இருக்கும்வரை அதை நீக்க ஏபிஐ சர்வரே விடாது.

படி 7: ஏபிஐ பட்டியலில் வராதவை

மேலே சொன்ன கருவிகள் எல்லாம் பச்சை காட்டினாலும் உடைய வழி இருக்கிறது. 2023 மார்ச் 14 அன்று ரெடிட் தளம் 314 நிமிடம் முடங்கியது. 1.23-இலிருந்து 1.24-க்குப் போகும் அப்கிரேடு அது. நோட்களில் "மாஸ்டர்" என்று இருந்த லேபிள் 1.24-இல் நீங்கி "கண்ட்ரோல்-பிளேன்" மட்டும் மிஞ்சியது, அவர்களின் காலிகோ நெட்வொர்க் அமைப்பு அந்தப் பழைய லேபிளை வைத்துத்தான் ரூட் ரிஃப்ளெக்டர்களை (நெட்வொர்க் பாதைகளை மற்ற நோட்களுக்குச் சொல்பவை) தேர்ந்தெடுத்திருந்தது. எந்த ஏபிஐயும் நீக்கப்படவில்லை, எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. இந்தச் சம்பவத்தை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், அதற்கு உண்மையிலேயே நன்றி சொல்ல வேண்டும். உங்கள் ரெப்போவில் நோட் செலக்டர், டாலரேஷன், அஃபினிட்டி இருக்கும் இடங்களைத் தேடி, குபெர்நெட்டிஸ் தரும் லேபிள் எதையெல்லாம் நம்பியிருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1.24-இல், கியூப்லெட் டாக்கரோடு பேச உதவிய டாக்கர்ஷிம் போனது. நோட்டின் டாக்கர் சாக்கெட்டை உள்ளே இழுத்துப் பயன்படுத்திய லாக் ஏஜெண்டுகளும் இமேஜ் கட்டும் வேலைகளும் அதோடு நின்றன. சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கினாலே ஒரு டோக்கன் சீக்ரெட் தானாக வரும் என்ற பழக்கமும் அங்கேதான் முடிந்தது. இப்போது பாட்டுக்குள் கிடைக்கும் டோக்கனுக்கு ஆயுள் உண்டு, கியூப்லெட் அந்தக் கோப்பை அவ்வப்போது புதுப்பிக்கும். தொடங்கும்போது ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் நிரல் இருந்தால், பல நாள் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் திடீரென்று அனுமதி இழக்கும்.

இமேஜ் முகவரிகளையும் பாருங்கள். கூகுள் பெயரில் இருந்த பழைய குபெர்நெட்டிஸ் இமேஜ் ரெஜிஸ்ட்ரி 2023 ஏப்ரல் 3-இல் உறைந்தது, புதிய இமேஜ் எதுவும் அங்கே வருவதில்லை. பழைய சார்ட்களின் மதிப்புக் கோப்புகளில் அந்த முகவரி இன்னும் உட்கார்ந்திருக்கும்.

கண்டெய்னரின் வள வரம்பைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் வசதியான சி-குரூப்பின் வி1 1.31-இல் பராமரிப்பு நிலைக்குப் போனது, எல்லோரும் வி2-க்குப் போகிறார்கள். இது ஆபரேட்டிங் சிஸ்டம் விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஜாவா வி2-இல் நினைவக வரம்பைச் சரியாகப் படிக்காது. ஜாவா 8 என்றால் 8யூ372, 11 என்றால் 11.0.16, அல்லது 15, இவையோ இவற்றுக்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோட்டின் மொத்த நினைவகத்தையும் தனதாக நினைத்துக்கொண்டு ஹீப்பை வளர்க்கும், பாட் கொல்லப்படும்.

நோட் அமைப்புகளைத் தரும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி: ஃபீச்சர் கேட் என்ற வசதிச் சுவிட்சும் ஃபிளாக்கும் ஒரு கட்டத்தில் நீக்கப்படும், நீக்கிய பிறகும் கட்டளையில் அது இருந்தால் கியூப்லெட் எழவே எழாது. 1.27-இல் கண்டெய்னர் ரன்டைம் ஃபிளாக் போனபோது நடந்தது இதுதான்.

படி 8: இரண்டு எல்லைகளிலும் சோதியுங்கள்

ஒரே கணினியில் சிறு கிளஸ்டர் எழுப்பும் கைண்ட் இதற்கு மிக வசதி. ஒவ்வொரு குபெர்நெட்டிஸ் பதிப்புக்கும் ஒரு நோட் இமேஜ் இருக்கிறது, சிஐயில் மேட்ரிக்ஸாக (ஒரே சோதனை பல பதிப்புகளில் ஓடுமாறு) போட்டால் போதும். எல்லாப் பதிப்பையும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் ஓட்ட வேண்டியதில்லை. மிகப் பழையதும் மிகப் புதியதும் எப்போதும் ஓடட்டும், நடுவில் இருப்பவை இரவில் ஓடட்டும். உடைவது பெரும்பாலும் இரு முனைகளில்தான்.

ஆபரேட்டர் எழுதுகிறவர்களுக்கு என்வ்டெஸ்ட் வேகமானது. உண்மையான ஏபிஐ சர்வரும், அதன் தரவுக் கிடங்கான எட்சிடியும் மட்டும் ஓடும். ஆனால் அங்கே கியூப்லெட்டும் இல்லை, கண்ட்ரோலர் மேனேஜரும் இல்லை. பாட் ஓடாது, உரிமையாளரை அழித்தால் அதற்குச் சொந்தமானவை தானாக அழியாது. என்வ்டெஸ்ட்டை மட்டும் நம்பி ஒரு பதிப்பை ஆதரவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை. இன்னும் நீக்கப்படாத ஏபிஐயை இப்போதே அணைத்துப் பார்ப்பது. ஏபிஐ சர்வரின் ரன்டைம் கான்ஃபிக் ஃபிளாக்கில் குறிப்பிட்ட குழுவின் குறிப்பிட்ட பதிப்பை அணைக்கலாம், கைண்டின் அமைப்புக் கோப்பிலும் அதற்கு இடம் இருக்கிறது. இன்றைய பதிப்பிலேயே நாளைய நீக்கத்தை நடத்திப் பார்க்கிறீர்கள். மற்ற எதுவும் மாறாததால், உடைந்தால் காரணம் அந்த ஒன்றுதான்.

புதிதாக நிறுவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பழைய ரிலீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது புதியதற்கு மாறுவதையும் சோதியுங்கள். ஹெல்ம் சேமிப்புச் சிக்கல், மாற்ற முடியாத செலக்டர், சிஆர்டி சேமிப்புப் பதிப்பு என்று மேலே சொன்னவை எல்லாம் புதிய நிறுவலில் தெரியவே தெரியாது.

கிளஸ்டர் இல்லாமல் விரைவாகப் பார்க்க கியூப்கன்ஃபார்ம் போதும், ஒவ்வொரு பதிப்பின் ஸ்கீமாவோடும் யாம்ல்லை ஒப்பிட்டுவிடும்.

படி 9: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரே வேலையைத் திரும்பச் செய்யுங்கள்

இப்போதைய பழக்கப்படி வெளியீடுகள் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் வாக்கில் வருகின்றன. அதற்குச் சில வாரம் முன்பே பீட்டாவும் ரிலீஸ் கேண்டிடேட்டும் வந்துவிடும். ரிலீஸ் கேண்டிடேட் வந்த வாரத்தில் அதை மேட்ரிக்ஸில் சேருங்கள், தோற்றாலும் மற்றவற்றைத் தடுக்காத வேலையாக. சேஞ்ச்லாக்கில் அவசர அப்கிரேடு குறிப்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். முழுதும் படிக்க நேரம் இல்லை என்றால் அதையும், டெப்ரிகேஷன் பகுதியையும் மட்டுமாவது படித்துவிடுங்கள். பதிப்பு வந்ததும் கிளையண்ட் நூலகத்தை ஏற்றுங்கள், ஆதரவு அட்டவணையைத் திருத்துங்கள்.

நீங்கள் நம்பியிருக்கும் மற்ற திட்டங்களின் ஆயுளையும் அதே நேரத்தில் பாருங்கள். இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் கண்ட்ரோலரை 2026 மார்ச்சோடு நிறுத்தப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். இன்கிரஸ் என்ற ஏபிஐ ஸ்டேபிளாக அப்படியே இருக்கிறது, நிறுத்தப்படுவது அதைச் செயல்படுத்தும் ஒரு கண்ட்ரோலர்தான். உங்கள் சார்ட்டில் அந்தக் கண்ட்ரோலருக்கே உரிய அனோட்டேஷன்கள் நிரம்பியிருந்தால், எந்த ஏபிஐ சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது.

பழைய பதிப்பைக் கைவிடும் வேலையை மட்டும் பேட்ச் ரிலீஸில் செய்யாதீர்கள், மைனர் அல்லது மேஜர் ரிலீஸில் செய்யுங்கள், ஒரு ரிலீஸ் முன்பே சொல்லிவிடுங்கள். கைவிட்டதும் சார்ட்டின் பதிப்பு வரம்பை உயர்த்தி, டெம்ப்ளேட்டில் அந்தப் பழைய ஏபிஐக்காக வைத்திருந்த நிபந்தனையையும், ஆர்பிஏசியில் பழைய குழுவுக்கான வரியையும், மேட்ரிக்ஸில் அந்தப் பதிப்பையும் ஒரே கமிட்டில் எடுத்துவிடுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது எந்தக் கிளை இன்னும் தேவை, எது தேவையில்லை என்று யாரும் உட்கார்ந்து ஆராய வேண்டியிருக்காது.